வீட்டுக்காரரோட தாத்தாவை வளர்த்த ஸ்காட்லாந்து அத்தை, கல்யாணம் ஆகாதவங்க, எப்படித் தேடறது?

அபர்டீன்_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க பெரும்பாலும் பர்மா, மலேயா போன நம்ம ஆளுங்களைத்தான் தேடுவோம், என் கேள்வி வேற ஊர்க் கேள்வி, ஆனா பழைய பதிவுங்கள்ல கை பழகினவங்க இங்கதான் இருக்கீங்க, அதான் இங்கயே கேக்கறேன்.

என் வீட்டுக்காரர் ஸ்காட்லாந்துக்காரர். அபர்டீன்ஷர்ல ஹன்ட்லி பக்கம் விவசாயக் குடும்பம். அவரோட தாத்தா 1909ல பிறந்தார், கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க, அப்பா பிழைக்க கனடா போனவர் அப்படியே அங்கயே தங்கிட்டார். அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தது அப்பா கூடப் பிறந்த அத்தை. கிராமத்து ஸ்கூல் டீச்சர். கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல, 1950கள் கடைசில இறந்தாங்கன்னு சொல்றாங்க, அப்போ எழுபத்தஞ்சு எண்பது வயசு இருக்கும்.

எங்ககிட்ட இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஒரு போட்டோ. ஒரு பழைய புத்தகம், அதுல முதல் பக்கத்துல அவங்க குடும்பப்பேரும் அதுக்குப் பின்னாடி எல்.எல்.ஏ.ன்னு மூணு எழுத்தும் இருக்கு. மத்தபடி எல்லாம் வாய்வழிக் கதைதான். வீட்ல எல்லாரும் செல்லப்பேர் சொல்லித்தான் பேசறாங்க, பதிவுல இருக்கிற முழுப்பேர் யாருக்கும் தெரியல. காதலிச்சவர் முதல் உலகப்போர்ல செத்துட்டார் அதனாலதான் கல்யாணம் வேண்டாம்னுட்டாங்கன்னு ஒரு கதை. சின்ன வயசுல கொஞ்ச நாள் கடல் கடந்து எங்கயோ போயிருந்தாங்கன்னு இன்னொரு கதை.

வீட்டுக்காரரோட சித்தப்பா கம்ப்யூட்டர்ல குடும்ப மரம் போட்டு வச்சிருக்கார், அதுல அத்தை பேருக்கு நேரா கல்யாணம் இல்லை, வாரிசு இல்லைன்னு ரெண்டே வரி. எனக்கு அதைப் பார்க்கவே மனசு கேக்கல. இன்னிக்கு கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்ல கூடற அத்தனை பேரும் அவங்க சமைச்சுப் போட்டு படிக்க வச்ச பையனோட பிள்ளைங்க பேரப்பிள்ளைங்கதான். அவங்க வாழ்ந்த வாழ்க்கையை ஓரளவுக்காவது முழுசா எழுதி வைக்கணும்னு ஆசை. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? அந்த மூணு எழுத்து என்னன்னு யாருக்காவது தெரியுமா?

---

பழையஏடு:

ஸ்காட்லாந்துல தேடறது இங்கிலாந்துல தேடறதைவிட எவ்வளவோ மேல்மா, அதனால தைரியமா இறங்குங்க. 1855 ஜனவரி 1லேர்ந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு மூணையும் அரசாங்கம் கட்டாயமா பதிவு பண்ணியிருக்கு, எழுதின விவரமும் ஜாஸ்தி. இங்கிலாந்துல அந்தக்கால டெத் சர்டிஃபிகேட்ல பெத்தவங்க பேருக்குன்னு கட்டமே கிடையாது. ஸ்காட்லாந்துல செத்தவங்களோட அப்பா பேர், அவர் பார்த்த தொழில், அம்மா பேர், அம்மாவோட பிறந்த வீட்டுக் குடும்பப்பேர் எல்லாம் வரும். புருஷன் பேர் பிள்ளைங்க பேர் வச்சுத் தேட வழியில்லாதவங்களுக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது, அதனால இறப்புலேர்ந்து ஆரம்பிச்சு பின்னாடி போங்க.

ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்னு அரசாங்கத்தோட வெப்சைட், நேஷனல் ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாண்ட் நடத்தறது. கணக்கு தொடங்கினா இன்டெக்ஸ் தேட காசு கிடையாது, அசல் பக்கத்தோட படம் பார்க்கத்தான் கிரெடிட் வாங்கணும். பிறப்புன்னா 100 வருஷம், கல்யாணம்னா 75, இறப்புன்னா 50 வருஷம் தாண்டினதுதான் ஆன்லைன்ல படமா பார்க்க முடியும். உங்களுக்கு அத்தையோட இறப்பும் தாத்தாவோட பிறப்பும் ரெண்டுமே தாண்டியாச்சு.

பேர் தெரியலன்னு கவலைப்படாதீங்க. முதல் பேரைக் காலியா விட்டு குடும்பப்பேர், வயசு, ஊர் மட்டும் போட்டு 1955லேர்ந்து 1960 வரைக்கும் தேடுங்க. செல்லப்பேரை வச்சும் ஊகிக்கலாம், அந்த ஊர்ல ஜெஸ்ஸின்னு கூப்பிடறவங்க பதிவுல ஜேனட்டா இருப்பாங்க, எஃபி வந்து யூஃபீமியா, நெல் வந்து ஹெலன். பேர் வைக்கிறதுலயும் ஒரு பழக்கம் இருந்துச்சு, முதல் பொண்ணுக்கு அம்மாவைப் பெத்த பாட்டி பேர், ரெண்டாவது பொண்ணுக்கு அப்பாவைப் பெத்த பாட்டி பேர். எல்லாரும் அப்படியே வச்சாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா ஒரே பேர்ல நாலு பேர் வந்து குழப்பினா இது கை கொடுக்கும்.

டெத் சர்டிஃபிகேட் கிடைச்சதும் கீழ யார் வந்து தகவல் சொல்லிப் பதிவு பண்ணாங்கன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை விட்றாதீங்க. சொன்னவங்க பேர், உறவு, விலாசம் இருக்கும். அடுத்து அவங்க பர்த் சர்டிஃபிகேட். 1861க்கு அப்புறம் ஸ்காட்லாந்து பிறப்புப் பதிவுல பெத்தவங்க எந்தத் தேதில எந்த ஊர்ல கல்யாணம் பண்ணாங்கன்னும் எழுதியிருக்கும், அதனால ஒரே தாள்ல ஒரு தலைமுறை மேல ஏறிடலாம். பிறந்த நேரம்கூட மணிக்கணக்கா இருக்கும், வேணும்னா ஜாதகமே கணிக்கலாம்.

அப்புறம் சென்சஸ். பத்து வருஷத்துக்கு ஒண்ணு, 1841லேர்ந்து 1921 வரைக்கும் திறந்திருக்கு. 1931 இங்கிலாந்தோடது தீயில போயிடுச்சு, ஸ்காட்லாந்தோடது பத்திரமா இருக்கு, ஆனா 100 வருஷம் முடிஞ்சுதான் திறப்பாங்க.

---

டன்டீ_டீச்சர்:

அந்த மூணு எழுத்தைப் பார்த்ததும் எனக்கு சந்தோஷமா போச்சும்மா. அது லேடி லிட்டரேட் இன் ஆர்ட்ஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் யூனிவர்சிட்டி பெண்களுக்குன்னு குடுத்த பட்டயம். 1877ல ஆரம்பிச்சாங்க, அப்போ ஸ்காட்லாந்துல எந்த யூனிவர்சிட்டியும் பெண்களுக்கு டிகிரி குடுக்கல, 1892லதான் கதவைத் திறந்தாங்க. இந்தப் பட்டயத்துக்கு யூனிவர்சிட்டிக்குப் போய் உக்காந்து படிக்கணும்னு இல்ல, வீட்டுலயே படிச்சு பக்கத்து ஊர் சென்டர்ல பரீட்சை எழுதலாம், வெளிநாட்டுலகூட சென்டர் இருந்துச்சு. பகல்ல கிளாஸ் எடுத்துட்டு ராத்திரி படிச்ச டீச்சருங்க ஆயிரக்கணக்குல எழுதியிருக்காங்க. பாடம் பாடமா பாஸ் பண்ணணும், வருஷக்கணக்கா இழுக்கும். உங்க அத்தை எவ்வளவு உழைச்சிருப்பாங்கன்னு அந்த மூணு எழுத்தே சொல்லுது. பரீட்சை எழுதினவங்க பதிவு செயின்ட் ஆண்ட்ரூஸ் யூனிவர்சிட்டி ஆவணக் காப்பகத்துல இருக்கு, முழுப்பேர் கிடைச்சதும் மெயில் போட்டுக் கேளுங்க, என்னென்ன பாடம் எந்த வருஷம்னு தெரிஞ்சுக்கலாம்.

அடுத்து ஸ்கூல். 1872 கல்விச் சட்டத்துக்கு அப்புறம் ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஹெட்மாஸ்டரோ ஹெட்மிஸ்ட்ரஸோ லாக் புக் எழுதணும்னு ஆச்சு. பனி கொட்டி எத்தனை பிள்ளைங்க வரல, உருளைக்கிழங்கு பறிக்கிற லீவு எப்போ விட்டாங்க, அம்மை போட்டு ஸ்கூலை எப்போ மூடினாங்க, இன்ஸ்பெக்டர் வந்து என்ன சொன்னார், எல்லாம் இருக்கும். புது டீச்சர் சேர்ந்தா, விட்டுப் போனா, உடம்பு சரியில்லாம லீவு போட்டா அதுவும் இருக்கும். உங்க பக்கத்து லாக் புக்கெல்லாம் அபர்டீன் நகர, அபர்டீன்ஷர் ஆவணக் காப்பகத்துல கேக்கணும். அத்தையே ஹெட்மிஸ்ட்ரஸா இருந்திருந்தா அது அவங்க கையெழுத்துலயே இருக்கும்மா, யோசிச்சுப் பாருங்க.

போர்ல செத்த காதலர் கதை. இருக்கலாம், இல்லைன்னு நான் சொல்லல. ஆனா ஸ்காட்லாந்துல கல்யாணம் ஆகாத அத்தை இருக்கிற வீட்லயெல்லாம் இந்தக் கதையைச் சொல்றாங்க, அதனால ஆதாரம் கிடைக்காம எழுதிடாதீங்க. உங்க கணக்குப்படி அவங்க 1880 வாக்கில பிறந்தவங்க, போர் ஆரம்பிக்கும்போதே முப்பத்தஞ்சை நெருங்கியாச்சு. போருக்கு முன்னாடியே, 1911 சென்சஸ்லயே, ஸ்காட்லாந்துல 45 வயசைத் தாண்டின பொண்ணுங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் கல்யாணம் ஆகாதவங்கதான். ஆம்பளைங்க கனடா ஆஸ்திரேலியான்னு கப்பல் ஏறிட்டாங்க, பண்ணை வேலைல இருந்த இளவட்டங்களுக்கு குடும்பம் வைக்க வீடு கிடைக்காது, காரணம் பல.

டீச்சருங்களுக்கு இன்னொண்ணும் இருந்துச்சு. கல்யாணம் பண்ணா வேலையை விடணும். முதல்ல ஊருக்கு ஊர் ஸ்கூல் போர்டு இஷ்டம்னு இருந்தது, அப்புறம் பெரும்பாலான இடத்துல விதியாவே ஆயிடுச்சு, 1945 சட்டத்துலதான் எடுத்தாங்க. தாயில்லாத பையனை வளர்க்க சம்பளமும் வேணும், தங்க ஸ்கூல் வீடும் வேணும்னா அவங்க கல்யாணம் பண்ணிட்டு எதை வச்சு வளர்க்கிறது? கல்யாணம் நடக்காமப் போனதா, அவங்களே யோசிச்சு வேண்டாம்னு வச்சதான்னு அந்த இடத்துல நின்னு பாருங்க. 1873ல எடின்பரோ ஸ்கூல் போர்டுக்கு முதல் தேர்தல்லயே ஜெயிச்ச ஃப்ளோரா ஸ்டீவன்சனும் கல்யாணம் பண்ணிக்காதவங்கதான், பின்னால அந்த போர்டுக்கே தலைவரா இருந்தாங்க, அவங்க பேர்ல எடின்பரோவுல இன்னிக்கும் ஸ்கூல் நடக்குது. அவங்களைப் பத்தி யாரும் காதலர் செத்துட்டார் பாவம்னு ஆரம்பிக்கிறதில்ல.

---

முத்து_கிளாஸ்கோ:

ரெண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கறேன். ஒண்ணு வேல்யுவேஷன் ரோல், அதே வெப்சைட்ல 1940 வரைக்கும் குறிப்பிட்ட வருஷங்களுக்கு இருக்கு. எந்த வீடு, யார் சொந்தக்காரர், யார் வாடகைக்கு இருந்தாங்க, வருஷ வாடகை எவ்வளவுன்னு இருக்கும். கல்யாணம் ஆன பொம்பளைங்க பெரும்பாலும் புருஷன் பேருக்குப் பின்னாடி மறைஞ்சுடுவாங்க, தனியா வீடு வச்ச அத்தைங்க இதுல நேரா வருவாங்க. சென்சஸுக்கு நடுவுல இருக்கிற பத்து வருஷ இடைவெளியை இதை வச்சுத்தான் நான் நிரப்பறது.

இன்னொண்ணு கல்லறை. அந்த ஊர்ல குழிக்கு லேர்னு சொல்வாங்க, காசு குடுத்து வாங்கறது, சர்டிஃபிகேட் உண்டு. கல்லுல பேர் இல்லைன்னாலும் கவுன்சில் வச்சிருக்கிற அடக்கப் பதிவேட்டுல அந்த லேர் யாரோடது, உள்ள யார் யாரைப் புதைச்சாங்கன்னு இருக்கும். அபர்டீன்ல இருக்கிற குடும்ப வரலாற்றுச் சங்கம் அந்தப் பக்கத்து கல்லறைக் கல்வெட்டெல்லாம் எழுதி புத்தகமா போட்டிருக்காங்க, முதல்ல அதைப் பாருங்க.

---

அபர்டீன்_மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நீங்க சொன்னபடியே உக்காந்துட்டேன், வீட்டுக்காரரும் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துட்டார்.

இறப்பு கிடைச்சாச்சு. 1958, ஹன்ட்லி. செல்லப்பேருக்கும் பதிவுல இருக்கிற பேருக்கும் சம்பந்தமே இல்ல, குடும்பப்பேரும் வயசும் வச்சுத்தான் பிடிச்சோம், அப்பா பேரும் அம்மா பிறந்த வீட்டுப் பேரும் சரியா பொருந்துச்சு. தொழில் ஓய்வுபெற்ற டீச்சர், கல்யாணம் ஆகாதவர்.

1901 சென்சஸ்ல அப்பா பண்ணைல இருக்காங்க, அப்பவே டீச்சர்னு போட்டிருக்கு. 1911ல ஸ்கூல் வீட்ல அவங்கதான் குடும்பத் தலைவி, கூட வயசான அம்மா, அப்புறம் ஒரு வயசுப் பையன், அதான் தாத்தா. வீட்டுக்காரர் அந்த வரியைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. 1921ல அதே ஸ்கூல், வேலை குடுக்கிறவர் கட்டத்துல அபர்டீன்ஷர் கல்வி ஆணையம்னு இருக்கு.

ஆச்சரியம் என்னன்னா, இறப்பைப் பதிவு பண்ணது தாத்தா இல்ல. ஒரு பெண், வேற குடும்பப்பேர், உறவுக் கட்டத்துல தோழின்னு இருக்கு, விலாசம் அத்தையோட விலாசமேதான். யார்னு புரியல.

---

சாந்தி_67:

கேக்கறதுக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. தாத்தாவோட பர்த் சர்டிஃபிகேட்டையும் எடுத்துப் பார்த்தீங்களா? அபர்டீன்ஷர், பான்ஃப்ஷர் பக்கம் கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தைங்க ஸ்காட்லாந்துல மத்த பல இடங்களைவிட அதிகம், அப்படிப் பிறந்த குழந்தையை பாட்டி தன் பிள்ளைன்னும் அண்ணன் தன் பிள்ளைன்னும் சொல்லி வளர்த்த வீடு நிறைய உண்டு. டீச்சரா இருந்தா வேலை போயிடும்கிற பயம் வேற. உங்க வீட்ல அப்படித்தான்னு நான் சொல்லவே இல்ல, ஆனா வாழ்க்கை வரலாறு எழுதணும்னா அந்தத் தாளைப் பார்க்காம எழுதக்கூடாது. பெத்தவங்க கல்யாணத் தேதி இருக்கான்னு பாருங்க, ஓரத்துல திருத்தப் பதிவுன்னு ஏதாவது குறிப்பு இருந்தா அதையும் திறங்க. அந்த ஊர் சர்ச் விசாரணைப் பதிவேடுகளும் அதே வெப்சைட்ல இலவசமா பார்க்கலாம்.

---

அபர்டீன்_மருமகள்:

சங்கடமே இல்லக்கா, நானும் வீட்டுக்காரரும் அதைப் பேசிட்டுத்தான் திறந்தோம். அப்படியே இருந்தாலும் எங்களுக்கு அவங்க மேல மரியாதை கூடத்தான் செஞ்சிருக்கும். அண்ணன் அண்ணி கல்யாணத் தேதி 1907ன்னு தெளிவா இருக்கு, அண்ணியோட இறப்பும் 1910ல கிடைச்சுது, பிரசவத்துக்கு அப்புறம் காசநோய். வீட்ல சொன்ன கதை அப்படியே சரி.

---

ராயபுரத்தான்:

கடல் கடந்து போன கதையைப் பத்தி. 1911லேர்ந்து பையனும் வயசான அம்மாவும் அவங்க கைல, அதனால போர்க்கால ஆஸ்பத்திரி வேலைக்கு பிரான்ஸ், செர்பியான்னு போயிருக்க வாய்ப்பு கம்மி. அப்போ 1901 சென்சஸுக்கும் 1909க்கும் நடுவுலதான் தேடணும். அந்தக் காலகட்டத்துல ஸ்காட்லாந்து டீச்சர் பொண்ணுங்க போன இடம் ஒண்ணு எனக்குத் தெரியும், தென்னாப்பிரிக்கா. அங்க குடியேறின டச்சு வம்சத்துப் போயர்களோட நடந்த போயர் போர்ல பிரிட்டிஷ்காரங்க போயர் பொண்ணுங்களையும் பிள்ளைங்களையும் முகாம்கள்ல அடைச்சாங்க இல்லையா, அந்த முகாம் பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, கனடா, ஆஸ்திரேலியாலேர்ந்தெல்லாம் டீச்சருங்களை எடுத்து அனுப்பினாங்க, போர் முடிஞ்சும் கொஞ்சம் பேர் அங்க தங்கி வேலை பார்த்தாங்க.

இன்னொரு வழி மிஷன். எங்க ராயபுரத்துல ரெய்னி ஆஸ்பத்திரியை உருவாக்கின டாக்டர் மட்டில்டா மெக்ஃபெயில் ஸ்கை தீவுல பிறந்த ஸ்காட்லாந்து அம்மாதான், அவங்களும் கல்யாணம் பண்ணிக்காம மெட்ராஸ்லயே வாழ்நாள் உழைப்பைப் போட்டவங்க. அந்த மாதிரி மிஷன் டீச்சரா போனவங்க கடிதம், கமிட்டிப் பதிவெல்லாம் எடின்பரோ நேஷனல் லைப்ரரில இருக்கு.

ரெண்டுக்கும் முதல்ல பார்க்க வேண்டியது கப்பல் பயணிகள் பட்டியல். பிரிட்டிஷ் துறைமுகத்துலேர்ந்து கிளம்பினவங்க பட்டியல் 1890லேர்ந்து 1960 வரைக்கும் இருக்கு, ஐரோப்பாவுக்கு வெளிய போற கப்பல் மட்டும்தான். தனியா போற பெண், டீச்சர், இருபது சொச்சம் வயசுன்னு தேடினா சீக்கிரம் சிக்கும்.

---

பழையஏடு:

அந்தத் தோழியை விட்றாதீங்கம்மா. உங்க அத்தை வாழ்க்கைல பாதி அங்கதான் இருக்கும்னு எனக்குத் தோணுது. ரெண்டு டீச்சருங்க ஒண்ணா வீடு எடுத்து கடைசி வரைக்கும் சேர்ந்து இருக்கிறது அங்க சகஜம். அவங்களை என்ன சொல்லி எழுதறதுன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க, தாள் கிடைக்கிற வரைக்கும் கிடைக்கட்டும்.

முதல்ல 1935, 1940 வேல்யுவேஷன் ரோல்ல அந்த விலாசத்தைத் தேடுங்க, வாடகை யார் பேர்ல, ரெண்டு பேர் பேர்லயுமான்னு தெரியும். அடுத்து 1939 தேசியப் பதிவு, போர் தொடங்கினப்போ மக்களையெல்லாம் எழுதி எடுத்தது. ஸ்காட்லாந்தோடது எந்த வெப்சைட்லயும் கிடையாது, நேஷனல் ரெக்கார்ட்ஸ்க்கு விண்ணப்பம் போட்டு காசு கட்டினா இறந்தவங்களோட விவரத்தை எழுதிக் குடுப்பாங்க, பிறந்த தேதி, தொழில், அப்போ இருந்த விலாசம் வரும். ரெண்டு பேருக்கும் தனித்தனியா போடுங்க.

எல்லாத்தையும்விட முக்கியம் உயில். ஆன்லைன்ல 1925 வரைக்கும்தான் இருக்கு, 1958ங்கிறதால எடின்பரோல நேஷனல் ரெக்கார்ட்ஸ்லதான் கேட்டு வாங்கணும். வருஷவாரியா அச்சடிச்ச பட்டியல் இருக்கும், அதுல பேர், விலாசம், இறந்த தேதி, யாரை நிறைவேற்றச் சொன்னாங்க, சொத்து மதிப்பு எல்லாம் வரும். பிள்ளைங்க இல்லாதவங்க உயில்ல பெரும்பாலும் ஒவ்வொரு பேரும் எழுதியிருக்கும், இந்த கடிகாரம் இந்த மருமகனுக்கு, இந்த புத்தகம் அந்தப் பொண்ணுக்குன்னு. கனடா அண்ணனுக்கு ஏதாவது விட்டாங்களான்னும் தெரிஞ்சுடும். தோழி அப்புறம் இறந்திருந்தா அவங்க உயிலையும் சேர்த்துக் கேளுங்க.

---

டன்டீ_டீச்சர்:

பேப்பரையும் பாருங்கம்மா. கிராமத்து டீச்சர் ரிட்டயர் ஆனா ஊர்க்காரங்க ஹால்ல கூட்டம் போட்டு பரிசு குடுக்கறது வழக்கம், யார் தலைமை, யார் பேசினாங்க, என்ன பரிசு, யார் பாட்டுப் பாடினாங்கன்னு அபர்டீன் பேப்பர்ல அரை பத்தி வரும். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ல ஸ்கூல் பேரைப் போட்டு 1940லேர்ந்து 1946 வரைக்கும் தேடுங்க. கம்ப்யூட்டர் ஆள் பேரை எழுத்துப்பிழையா படிச்சிருக்கும், ஊர் பேர் தப்பாது.

---

அபர்டீன்_மருமகள்:

பேப்பர்ல இருக்குக்கா! 1944. ஊர்க்காரங்க பணமுடிப்பு குடுத்திருக்காங்க, பழைய மாணவர்கள்ல ராணுவத்துல இருக்கிறவங்க கடிதம் அனுப்பி அதை மேடைல படிச்சிருக்காங்க. முப்பத்தஞ்சு வருஷம் அதே ஸ்கூல்லயாம், அதாவது தாத்தா பிறந்த வருஷத்துலதான் சேர்ந்திருக்காங்க. பரிசு வாங்கின கூட்டத்துல பியானோ வாசிச்சவங்க பேர் பார்த்தா அந்தத் தோழியோட பேர்.

மாமியார்கிட்ட போன்ல அந்தப் பேரைச் சொன்னேன், உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்களையும் இவங்க அத்தைன்னுதான் கூப்பிடுவாங்களாம், புதுவருஷத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்களாம், அவங்களும் டீச்சராம், பக்கத்து ஊர் ஸ்கூல். இத்தனை நாள் யாரும் கேக்காததால யாரும் சொல்லல.

உயிலுக்கும் 1939 பதிவுக்கும் விண்ணப்பம் அனுப்பிட்டேன், தோழிக்கும் சேர்த்து. முத்து அண்ணா, ஹன்ட்லி கல்லறைல அத்தை பேர் அப்பா அம்மா கல்லுல இருக்கு, ஆனா தேதி மட்டும் இருக்கு, அங்கதான் புதைச்சாங்களான்னு தெரியல. கவுன்சில்ல எதைச் சொல்லிக் கேக்கணும்?

---

முத்து_கிளாஸ்கோ:

அத்தை பேர், இறந்த தேதி, கல்லறைத் தோட்டம் பேர் மூணையும் எழுதி, லேர் நம்பர் வேணும், அந்த லேர்ல புதைச்ச எல்லாரோட பேரும் வேணும்னு கேளுங்க. பேரை அப்பா அம்மா கல்லுல பொறிச்சுட்டு ஆளை வேற லேர்ல புதைக்கிறதும் உண்டு, அதனால தோழி பேரையும் குடுத்து அவங்க லேரையும் பார்க்கச் சொல்லுங்க. பதில் வர சில வாரம் ஆகும், வந்ததும் இங்க போடுங்க.